இலவச மென்பொருளும் டர்போவும்

டர்போ வண்டிக்கு ‘ஆன்டி-லேக்’ அமைப்பது எப்படி என்பதுதான் நம் விடுதியில் இப்போது சூடான பேச்சு. மிதியை விட்டதும் டர்போவின் சுழற்சி தளர்கிறது; மீண்டும் மிதித்தால் விசை வரச் சற்றுத் தாமதமாகிறது. இதைப் போக்க, பிஸ்டன் உச்சிக்கு வருமுன் தோன்ற வேண்டிய தீப்பொறியை, உச்சிக்குச் சுமார் 30 பாகை பின்னே தள்ளி, காற்றையும் பெட்ரோலையும் மிகுதியாகச் செலுத்துகிறார்கள். உள்ளே எரிய வேண்டியது புகைக்குழாயில் எரிந்து டர்போவைச் சுழற்றுகிறது. (நம் ஊர் லாரிகளின் டீசல் இயந்திரத்தில் தீப்பொறியே இல்லை, அங்கே இவ்வித்தை பலிக்காது!)

‘ரஸ்இஎஃப்ஐ’ என்னும் இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இவ்வசதி உண்டு. விலை இல்லை, அதன் நிரல் முழுவதையும் எவரும் படிக்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பெருநிறுவனங்கள் பூட்டி வைத்த அறிவு எனக்கும் திறந்திருக்கிறது என்பதில் நான் அடையும் மகிழ்ச்சி சொல்லி மாளாது.

ஆனால் மென்பொருள்தான் இலவசம், டர்போ இலவசமன்று. 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பத்தில் அதுவும், நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கிக் கருவியும் விரைவில் பாழாகும். வெடிச்சத்தம் வேறு! கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவே போன்ற பந்தயத் திடலுக்கு அது பொருந்தலாம். திண்டுக்கல் புறவழிச்சாலைக்குப் பொருந்தாது என்பதே என் துணிபு.

ஆர்டுயினோ மெகா பலகையில் இயங்கும் ‘ஸ்பீடுயினோ’வும் இலவசமே. அதை நம் இயற்பியல் ஆய்வகத்தில் வைத்து, தீப்பொறியின் நேரத்தை அலைகாட்டியில் அளந்து பார்க்கலாமே? பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.