முன்றிலும் கொரியன் புல்லும்

வீட்டின் முன்புறத்தை அழகுபடுத்தித் தரும் நிறுவனம் ஒன்று அனுப்பிய மதிப்பீட்டுத் தாளின் முதல் வரி: 'இருக்கும் செடிகளை அகற்றுதல்'. அடுத்தது ஒரு லாரி செம்மண். பிறகு 400 சதுர அடிக்குக் கொரியன் புல். எஞ்சிய தரைக்குப் பேவர் பிளாக். அகற்றப்பட வேண்டியவற்றுள், சேலையூருக்குக் குடிவந்த புதிதில் அம்மா நட்ட நொச்சியும் நந்தியாவட்டையும் அடக்கம். அம்மா இப்போது இல்லை. அளவெடுக்க வந்த இளைஞர் தொழில் தெரிந்தவர், மரியாதையானவர். ஆனால் நொச்சியைக் களை என்றே அவர் எண்ணியிருந்தார். சளி பிடித்தால் ஆவி பிடிக்க ஒரு கொத்து கேட்டு வராத வீடு எங்கள் தெருவில் இல்லை.

தோட்டக் கலைஞர்களை நான் குறை சொல்லவில்லை. நாம் கேட்பதைத்தான் அவர்கள் தருகிறார்கள். 'முன்றில்' என்று அழகான ஒரு சொல் நம்மிடம் உண்டு, மா. அரங்கநாதன் தம் சிற்றிதழுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். இல்லத்தின் முன்னிடம் என்பது பொருள். அந்த இடத்தை இன்று விளம்பரப் படத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியதை ஆண்டுதோறும் வகுப்பில் பெருமையோடு சொல்கிறேன். அவற்றில் பாதியைக்கூட எனக்கு நேரில் அடையாளம் காட்டத் தெரியாது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அழகு ஒருபுறம் இருக்கட்டும், தண்ணீருக்கு வருவோம். வெயில் காலத்தில் புல்தரைக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று குறைத்தே கணக்கிட்டாலும், 400 சதுர அடிக்கு ஏறத்தாழ 185 லிட்டர் ஆகிறது. 2019 கோடையில் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தவர்கள் நாம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பரில், முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் கிடந்ததையும் கண்டோம். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003இல் அரசு ஆணையிட்டபோது குழி தோண்டியவர்களே இன்று வாசல் முழுதும் கல் பாவி, பெய்யும் மழையைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இந்த மண்ணில் என்ன வளரும் என்று அறியத் தொலைவு போக வேண்டியதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, அந்த வளாகத்தில் மரம் வளர்ப்பதில் முன்னின்றவர் வேதியியல் பேராசிரியரான எட்வர்ட் பார்ன்ஸ். உடன் நின்றவர் அவர் மனைவி ஆலிஸ். வெளியிலிருந்து வந்த மரங்களும் அங்கே உண்டு. ஆனால் இருந்த புதர்க்காட்டை முற்றிலும் வழித்தெடுத்துவிட்டு அவர்கள் தொடங்கவில்லை. தொழிலால் தோட்டக்காரர் அல்லாத ஒருவர், நிலத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கைவைத்திருக்கிறார். சுமார் 365 ஏக்கர் வளாகத்தில் இன்றும் புள்ளிமான்கள் திரிகின்றன. சுற்றுச்சுவருக்கு இப்பால் நாம் செம்மண் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

தாளைத் திருப்பியனுப்பினேன். நொச்சி இருக்கட்டும், புல் வேண்டாம், நடைபாதைக்கு மட்டும் கல் போதும், வேலியோரம் களாவும் காரையும் வைத்துத் தர இயலுமா என்று கேட்டேன். மறுநாள் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். "செய்யலாம் சார். ஆனா அந்தக் கன்றெல்லாம் நாங்க வாங்குற நர்சரியில இல்ல. யாரும் கேக்கறதில்லைன்னு வைக்கிறதில்லையாம்."

நான் கேட்டிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.