கோட்டை வீட்டை விற்க முன் ஒரு கணக்குப் பாருங்கள்

பழைய வீட்டுக்கு நல்ல விலை வந்தால் விற்றுவிட்டு, அந்தப் பணத்தைக் கடையில் போடுவதே புத்திசாலித்தனம் என்று நமது வியாபாரிகள் பலர் நினைக்கிறார்கள். காலிக் கோட்டையைப் பொறுத்தவரை இது தவறான கணக்கு என்பது எனது கருத்து.

1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பலப்படுத்திய இக்கோட்டை, 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீண்டகாலம் ஒரே குடும்பம் நடத்திவந்த நியூ ஒரியண்டல் ஹோட்டல் இன்று சர்வதேச நிறுவனமொன்றின் ஆடம்பர ஹோட்டலாகியுள்ளது. பழைய சுவரின் பெறுமதியை வாங்குபவர் நன்கு அறிவார். விற்பவர்தான் அறிவதில்லை.

அண்மையில் கோட்டைக்குள் ஒரு முஸ்லிம் குடும்பம் நடத்தும் சிறிய விடுதியில் இரு இரவுகள் தங்கினேன். தடித்த சுவர், நடு முற்றம், அகன்ற விறாந்தை. காலையில் வீட்டுக்காரரே தேநீர் கொண்டுவந்தார். சமையல் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம். முதலீடு என்று பார்த்தால் வாப்பா விட்டுச்சென்ற வீடுதான். வட்டிக்கடன் இல்லை, சம்பளப் பட்டியலும் சிறியது. 2019 ஏப்ரல் தாக்குதலும், 2020இல் கொரோனாவும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் அடுத்தடுத்து வந்தபோது, கடன்பட்டுக் கட்டிய ஹோட்டல்காரர்களுக்கு இல்லாத நிம்மதி இது.

பிறகு ஏன் விற்கிறோம்? பெரும்பாலும் பங்குப் பிரச்சினைதான். வாப்பா மௌத்தானதும் வீடு பல வாரிசுகளுக்கு உரியதாகிறது. வீட்டில் இருப்பவர் அனுபவிக்கிறார், திருமணமாகிச் சென்ற சகோதரிகளுக்கு எதுவும் கிடைப்பதில்லை. மனஸ்தாபம் வளர்ந்து விற்பனையில் முடிகிறது.

இதற்கு வழி இருக்கிறது. வாரிசுரிமைப் பங்குகளை முதலில் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். விடுதியை நடத்துபவருக்கு நியாயமான சம்பளம் கொடுங்கள். கூரைக்கும் சுவருக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். மீதி இலாபத்தைப் பங்கின்படி மாதாமாதம் பிரியுங்கள். கணக்குப் புத்தகம் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். சகோதரியின் பங்கு அமானிதம், அது தயவல்ல.

இன்னொன்று: தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றிச் சுவரில் கைவைக்காதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரே கெடும். விருந்தினர் தேடி வருவதும் அந்தச் சுவரைத்தான்.

விற்ற பணம் ஓரிரு வருடங்களில் கரைந்துவிடலாம். ஒற்றுமையாக நடத்தும் வீடு, இன்ஷா அல்லாஹ், பேரப்பிள்ளைகளுக்கும் சோறு போடும்.