கைக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது!

"ஆள் கிடைக்கவில்லை" என்று ஓட்டல் முதலாளிகள் அலறுகிறார்கள். அரிசி இருக்கிறது, வாழையிலை இருக்கிறது, வாசலிலே கூட்டம் இருக்கிறது; கைதேர்ந்த ஆள்தான் இல்லையாம்! பயிற்சி கொடுத்தால் பையன் வளைகுடாவுக்கோ கப்பலுக்கோ ஓடிவிடுகிறான் என்றும் குறைப்படுகிறார்கள். ஓடாமல்? விடிகாலைக் காபிக்கு எழுந்து, இரவுப் பரோட்டா முடிந்து, மாவு மூட்டைக்குப் பக்கத்தில் படுப்பவன் வேறென்ன செய்வான்? வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் வரம்பு கட்டி 1958-லேயே உணவு நிறுவனங்கள் சட்டம் செய்தார்கள். எத்தனை அடுப்படிக்குள் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது என்று கேட்கிறோம்.

பயிற்சிக் கல்லூரிகள் இல்லையா? உண்டு. 1954-ல் பம்பாயில் ஒன்று தோன்றியது. 1963-ல் சென்னைக்கும் வந்தது, தரமணியில் நடக்கிறது. திருச்சியை அடுத்த துவாக்குடியிலும் உண்டு. நல்ல கல்லூரிகள்தாம், பழிக்க வரவில்லை நாம். ஆனால், இத்தகைய கல்லூரிகளின் பட்டப் படிப்புக்கென அகில இந்திய நுழைவுத் தேர்வு ஒன்று வைத்திருக்கிறார்களே, அதன் வினாத்தாள் எந்த மொழியில்? ஆங்கிலத்தில், இந்தியில்! தமிழ் மட்டும் அறிந்தவன் வார்த்த தோசை எல்லோருக்கும் இனிக்கும். தேர்வறையில் மட்டும் அவனுக்கு இலை போடமாட்டார்கள்.

எளியவருக்கென மத்திய அரசு 2009-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர், 'ஹுனர் சே ரோஜ்கார் தக்'. சொல்லிப் பழகவே ஒரு வாரம் ஆகும், போகட்டும். எட்டாம் வகுப்புத் தேறினால் போதும், கட்டணம் இல்லை, சமையலுக்கு 8 வாரம், பரிமாறுவதற்கு 6 வாரம் என்று தொடங்கினார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் வயது 28-ஐத் தாண்டக்கூடாது என்றார்கள்!

அப்படியானால் நம் சரக்கு மாஸ்டர் எங்கே போவார்? இலை எடுக்க வந்தவர் அவர். மேசை துடைத்தார், மாவாட்டினார், சப்ளையரானார், பிறகு அடுப்பைப் பிடித்தார். முந்நூறு பேருக்குச் சாம்பார் என்றால் எவ்வளவு புளி என்பதைத் தராசில்லாமல் சொல்வார். மாவை முகர்ந்தே, இது இட்லிக்கா ஊத்தப்பத்துக்கா என்று தீர்ப்பளிப்பார். அவரைப் பார்த்து, "என்ன படித்திருக்கிறாய்?" என்கிறது பெரிய ஓட்டலின் அலுவலகம். இருபத்தைந்து ஆண்டு படித்தாரே ஐயா, புகையிலே!

கற்றுக்கொண்ட தொழிலைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு, 2015-ல் தொடங்கிய பிரதமர் திறன் வளர்ப்புத் திட்டத்தில் உண்டு. அதுதான் சரியான வழி என்போம். ஆயினும், அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமே தவிர, அதைக் காட்டி மளிகைக் கடையில் ஒரு படி அரிசி வாங்க முடியாது. குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்படும் தொழில்களில் ஓட்டல் தொழிலும் ஒன்று. சான்று பெற்றவருக்கு அடுத்த கூலிப்படி என்று அந்த நிர்ணய ஆணையிலேயே எழுதட்டும்! முதலாளிகளுக்குக் கசக்கும். ஆள் இல்லை என்ற அலறலைவிடவா அது கசப்பு?

வடக்கிலிருந்து வந்து நம் ஓட்டல்களில் பாத்திரம் கழுவும் தோழனுக்கும் இதே உரிமை வேண்டும். அவனும் உழைப்பாளி, அவன் மொழியிலே அவனைச் சோதிக்கட்டும். நம் மாஸ்டரைத் தமிழிலே சோதிக்கட்டும், எழுத்தால் அல்ல, அடுப்பெதிரே. சோதிப்பவர்களில் ஒருவர் அடுப்பிலே நின்றவராக இருக்கட்டும். சோதனை நாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது.