நான் திருடிய வெள்ளிக்கிழமை பீரியட்



போன வாரம் நான் போட்ட மரத் தமிழ்நாடு படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். "எந்தக் கடையில வாங்கினீங்க டீச்சர்?" என்று பாதிப் பேர். "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க அத்தை" என்று மீதிப் பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கண் இடம் கொடுக்கவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள். நடுவில் நான் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் கடைக் கேள்வி. வாங்கவில்லை, நானே அறுத்தேன். சேலையூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேஜை போட்டு வைத்திருக்கிறேன். கருவியின் பெயர் ஃப்ரெட் சா. 'ப' எழுத்தைப் படுக்கவைத்த மாதிரி ஒரு இரும்புச் சட்டம். அதன் இரண்டு நுனிக்கும் நடுவே நூல் போல ஒரு வாள் பட்டை. இதையே மின்சாரத்தில் ஓட வைத்தால் ஸ்க்ரோல் சா. நான் கைவாளில்தான் ஆரம்பித்தேன், இன்னும் பெரும்பாலும் அதில்தான் செய்கிறேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? உங்களில் ஒருவன்.

2018-ல் சமையலறை அலமாரி வேலைக்கு ஒரு தச்சர் வந்தார். முதல் நாள் அளவெடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "டீச்சர், என்னைத் தெரியலையா? எட்டாங்கிளாஸ், கடைசி பெஞ்ச்" என்றார். தெரிந்துவிட்டது. கணக்கில் பதினைந்து மார்க்கைத் தாண்டாத பையன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது தன்னிடம் நான்கு பேரை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி. என் சமையலறைச் சுவர் நேராக இல்லை என்பதை ஒரு பார்வையில் சொல்லி, எந்தப் பலகையில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று காகிதம் பேனா இல்லாமல் கணக்குப் போட்டான். பதினைந்து மார்க் பையன்!

காபி குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "கைத்தொழில் பீரியட்ல நான்தான் டீச்சர் ஃபர்ஸ்ட்டு. அட்டையில வீடு செஞ்சேன், ஹெச்.எம். ரூம்ல வெச்சாங்க. அப்புறம் அந்த பீரியட நீங்க கணக்குக்கு எடுத்துக்கிட்டீங்க."

அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உண்மைதான். வெள்ளிக்கிழமை மதியம், கடைசி இரண்டு பீரியட். கால அட்டவணையில் கைத்தொழில் என்று இருக்கும். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் கணக்குப் பாடம் முடியாது. "இன்னைக்கு கைத்தொழில் இல்ல, கணக்கு நோட்ட எடுங்க" என்பேன். உங்கள் முகம் எல்லாம் வாடும். 'உங்கள் நல்லதுக்குத்தான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு வருஷம் இல்லை, பல வருஷம். அந்தப் பையனுக்கு வாரத்தில் நாற்பது பீரியட்டில் தலை நிமிர்ந்து உட்கார இரண்டே பீரியட்தான் இருந்தது. அந்த இரண்டையும் எடுத்து, அவன் தலை குனிகிற பாடத்துக்கே கொடுத்தேன். பள்ளியை விட்டு அவன் நின்றதற்கு வீட்டுக் கஷ்டம் ஒரு காரணம். எனக்கு அதில் பங்கே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் குடும்பத்திலேயே சண்டை வரும்.

"கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்தால் குலக்கல்வி ஆகிவிடாதா?" என்று என் தம்பி கேட்டான். நியாயமான பயம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். தச்சர் பிள்ளை தச்சு, வண்ணார் பிள்ளை வெளுப்பு. அதை எதிர்த்து எழுந்த போராட்டம் பெரிது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு சரியானது என்றுதான் நானும் நினைக்கிறேன். எங்கள் தலைமுறையில் பலர் ஆசிரியர் பயிற்சி வரை வர முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. தச்சர் மகனுக்கு மட்டும் வாள் கொடுத்தால் அது குலக்கல்வி. டாக்டர் மகளுக்கும், ஐ.டி. கம்பெனிக்காரர் மகனுக்கும், ஆட்டோ ஓட்டுபவர் மகளுக்கும் ஒரே வகுப்பில் ஒரே வாளைக் கொடுத்தால் அது கல்வி. ஒரு இணைப்பை இடைவெளி இல்லாமல் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று தானே செய்து பார்த்த பிள்ளை, நாளைக்குத் தன் வீட்டுக்கு வேலைக்கு வரும் தச்சரை "ஏம்பா, இதுக்குப் போயி இவ்ளோ காசா?" என்று கேட்கக் கூச்சப்படும்.

உலகத்தில் இல்லாததையும் நான் கேட்கவில்லை. ஃபின்லாந்தில் 1866-லேயே ஊர்ப் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக வைத்தார்கள். உனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சி அது. இன்றைக்கும் அங்கே ஆண், பெண் வேறுபாடு இல்லாமல் மரவேலையும் தையலும் படிக்கிறார்கள். நம் நாட்டில் 1937-ல் வார்தாவில் காந்தி பேசிய ஆதாரக் கல்வியின் நடுவிலும் ஒரு கைத்தொழில் இருந்தது. 1964-66 கோத்தாரி கமிஷனும் பணி அனுபவம் வேண்டும் என்றது. காகிதத்தில் நமக்குக் குறையே கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் வரும்போதுதான் என்னைப் போன்ற ஒரு டீச்சர் உள்ளே வந்துவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. நான் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில் பெண்களுக்குத் தையல், ஆண்களுக்கு மரவேலை. யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரு மாணவனிடம் போய், "எனக்கு வாள் பிடிக்கச் சொல்லிக் குடுப்பா" என்று கேட்க வேண்டியதாயிற்று.

அவன் நல்ல வாத்தியார். என்னைவிட நல்லவன். முதல் நாள் பதினோரு பட்டையை உடைத்தேன். ஒரு தடவைகூடத் திட்டவில்லை. அவன் சொன்ன பாடங்களை எழுதி வைத்திருக்கிறேன், விருப்பம் இருப்பவர்களுக்குப் பயன்படும்:

பட்டையின் பற்கள் கீழ்நோக்கி, கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அறுக்கும். பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு விரலால் சுண்டினால் தம்புராக் கம்பி மாதிரி 'டிங்' என்று கேட்க வேண்டும். தொளதொள என்றால் உடையும். மேஜை ஓரத்தில் 'வி' வடிவில் வெட்டிய ஒரு பலகையை இறுக்கி வைத்து, அதன் பிளவுக்குள் அறுக்க வேண்டும். வாள் எப்போதும் செங்குத்தாக ஒரே இடத்தில் மேலும் கீழும் போகும். திருப்ப வேண்டியது வாளை அல்ல, மரத்தை. கூர்மையான மூலை வந்தால் முன்னே தள்ளாமல், நின்ற இடத்திலேயே வாளை ஓட்டிக்கொண்டு மரத்தை மெல்லத் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு ஓட்டை வேண்டுமென்றால் முதலில் சிறு துளை போட்டு, பட்டையை ஒரு பக்கம் கழற்றி, துளைக்குள் நுழைத்து மறுபடி மாட்ட வேண்டும்.

அவசரப்பட்டால் உடையும். அவ்வளவுதான் பாடம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு 'சீக்கிரம், சீக்கிரம்' என்றே வேலை பார்த்த எனக்கு அது புதுப் பாடம்.

இனி அந்த வரைபடக் கதை. வரைபடத்தை மரத்தில் ஒட்டி அறுத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுப்பது பழைய வித்தை. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் அப்படிச் செய்து விற்றார். இன்று கடையில் விற்கும் ஜிக்சா புதிர்களுக்கெல்லாம் தொடக்கம் அதுதான். அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு நம் 38 மாவட்டங்களை அறுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். இரண்டு அடி உயரம், ஆறு மில்லிமீட்டர் பிளைவுட். திண்டுக்கல் உள்ளங்கை அளவு வந்தது. சென்னை கட்டைவிரல் நக அளவு.

டெல்டாவுக்கு வந்தபோது வாள் நின்றுவிட்டது. மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே காரைக்கால். அது புதுச்சேரியைச் சேர்ந்தது, நம் மாநிலம் இல்லை. அதை அறுத்து எடுத்தால்தான் தெரிகிறது: மயிலாடுதுறை பிரிவதற்கு முன்னால் நாகப்பட்டினம் மாவட்டம் இரண்டு துண்டாக இருந்திருக்கிறது! மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு. மேல் துண்டில் இருந்தவர்கள் கலெக்டர் ஆபீசுக்கு நாகப்பட்டினம் போவதற்குள் பட்ட பாடும், 2020-ல் மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாக ஆனதற்கான நியாயமும் அந்தப் பலகையில் கையில் தட்டுப்பட்டது. எத்தனை வருஷம் சுவரில் வரைபடத்தை மாட்டிக் குச்சியால் தொட்டுக் காட்டியிருப்பேன்! எனக்கே அது அப்போது விளங்கவில்லை. நம் சேலையூரையே பாருங்கள். வீடு மாறாமலே செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போய், 2019-ல் மறுபடி செங்கல்பட்டுக்கு வந்துவிட்டோம்.

பேரன் வீடியோவில் கேட்ட முதல் கேள்வி: "பாட்டி, இங்க ஒரு பீஸ் காணோம்." காரைக்கால்தான்! அரை மணி நேரம் பேசினோம். வழக்கமாக "சாப்டியா, ஸ்கூல் எப்படி" என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் பேச்சு.

பரிசு பற்றி இப்போது என் கருத்தைச் சொல்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது. நம் வீட்டுப் பரண்களைத் திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம், பிரிக்காத டின்னர் செட், யார் கொடுத்தது என்றே தெரியாத பிள்ளையார். அவற்றில் சில, இன்னொரு கல்யாணத்துக்குப் போகத் தயாராக அதே காகிதத்தோடு இருக்கும். கொடுத்தவருக்கும் நினைவில்லை, வாங்கியவருக்கும் நினைவில்லை.

2016 டிசம்பரில் வர்தா புயலில் எங்கள் வாசல் வேப்பமரம் விழுந்தது நினைவிருக்கும். அதில் ஒரு துண்டை மில்லில் பலகையாக அறுத்து, நிழலில் அடுக்கிக் காய வைத்திருந்தோம். போன தை மாதம் அண்ணன் மகன் வேளச்சேரியில் வீடு குடி போனபோது, அதில் அவர்கள் பெயரை அறுத்துக் கொடுத்தேன். 'ழ' ஒன்றுக்கே ஒரு மதியம் ஆனது, கொஞ்சம் கோணல்தான். அவன் அதை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தான். சின்ன வயதில் அந்த மரத்தில்தான் அவனுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தோம். நான் எதுவும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. இன்றைக்கு வாசலில் மாட்டியிருக்கிறது.

அதனால் "எவ்வளவு?" என்று கேட்டவர்களுக்குப் பதில்: விற்பனைக்கு இல்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது. மரத்துக்கு ஆகும் காசை மட்டும் வாங்கிக்கொண்டு நான் செய்து தர ஆரம்பித்தால், இதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் கூலியை நான் கெடுப்பதாகும். பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டுமா? அம்பாசமுத்திரம் மரச்சொப்பு இருக்கிறது, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் இருக்கிறது, சன்னபட்டணா பொம்மை இருக்கிறது. சொன்ன விலை கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் என்றால், நீங்களே செய்யுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

ஆரம்பிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக அளவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதனால் காற்றோட்டமான இடமும் முகக்கவசமும் கட்டாயம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சென்னை அளவுத் துண்டு கொடுக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

கடைசியாக, உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கு. பதினோரு பேர் இருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். பாடம் முடியவில்லை என்ற நெருக்கடி எனக்குத் தெரியும். அதிகாரிகளும் பெற்றோரும் கேட்பது மார்க்கைத்தான் என்பதும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்: அந்தப் பீரியட்டைத் தொடாதீர்கள். கருவி வாங்கக் காசு இல்லையென்றால் அட்டையும் கத்தரிக்கோலும் போதும். நான் எடுத்ததை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. நீங்கள் எடுக்காமல் இருக்க முடியும்.

பிள்ளைகளோடு இந்தப் பக்கம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். இரண்டு வாள் இருக்கிறது. பட்டை உடைந்தால் திட்ட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

பின்குறிப்பு: என் வாத்தியாரிடம் இந்தப் பதிவைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். "பேர் போட வேணாம் டீச்சர்" என்றான். அப்புறம், "நாற்பது பீரியட்னு போட்டிருக்கீங்க, சரியா எண்ணினீங்களா?" என்று கேட்டான். கணக்கில் இப்போது அவன்தான் கெட்டிக்காரன்.