‘சீர்கெட்டது’ என்னும் முத்திரை



மர்லின் மேன்சன் என்னும் அமெரிக்க ராக் குழு, 2003 மே மாதம் ‘தி கோல்டன் ஏஜ் ஆஃப் க்ரொட்டெஸ்க்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. இயந்திர இரைச்சலை இசையாக்கும் வகையைச் சேர்ந்த அது, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பெர்லின் நகரின் கேளிக்கை விடுதிகளும், நாஜிகள் ‘சீர்கெட்ட கலை’ என்று பழித்த ஓவியங்களுமே அதன் கருப்பொருள்.

இசை குறித்து உலமாக்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டினுள் நாம் நுழையவில்லை. இத்தொகுப்பின் ஆபாசத்துக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. ஆயினும், பிள்ளையின் கைப்பேசியில் இதைக் கேட்டவுடன் “சீர்கெட்ட பாட்டு” என்று சொல்லி முடித்துவிடும் பெற்றோர், அச்சொல்லின் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

1937 ஜூலையில் மியூனிக் நகரில் ஏறத்தாழ 650 கலைப்படைப்புகள் ஏளனத்துக்காகவே காட்சிக்கு வைக்கப்பட்டன. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் அவற்றைப் பார்த்தனர். மறு ஆண்டு டியூசெல்டார்ஃபில் இசைக்கும் அதே கதி நேர்ந்தது; கறுப்பின மக்களின் ஜாஸும் யூதர்களின் இசையும் இழிவுபடுத்தப்பட்டன. படைப்பின்மீது குத்தப்பட்ட முத்திரை, மனிதர்மீது குத்தப்பட்ட முத்திரையோடு சேர்ந்தே நடந்தது. அதன் முடிவு கொலைக்களம்.

அவ்வாறு பழிக்கப்பட்டவர்களுள் பால் கிளேயும் காண்டின்ஸ்கியும் அடங்குவர். இவர்கள் ஆசிரியர்களாக இருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியின் படைப்புகள் 1922 டிசம்பரிலேயே கொல்கத்தாவில் காட்சிக்கு வந்தவை. அப்பள்ளியில் நெசவுக்கூடமும் இருந்தது. நாஜிகளின் நெருக்குதலால் 1933இல் பள்ளி மூடப்பட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்த நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் அதே ஆண்டு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். காஞ்சிப் பட்டுத் தறிகளின் ஓசைக்கு அருகில் வாழும் வாலாஜாபாத் மக்களாகிய நமக்கு, ஒரு நெசவாளர் தறியை விட்டு நாடு கடப்பதன் வலி புரியாததன்று.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், இழிபெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. பரிகாசம் எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்கு மியூனிக் ஒரு சான்று. சிறுபான்மையினராக வாழும் நாம் இதனை மறத்தல் ஆகாது.

அவ்விசைத்தொகுப்பின் மீதான நம் உண்மையான குறையும் இங்கேதான் இருக்கிறது. அது அக்காலத்தின் மினுமினுப்பையும் சீருடைச் சாயலையும் மேடை அலங்காரமாக்குகிறது. அலங்காரத்தில் மயங்கும் இளைஞனுக்கு, அச்சீருடையால் அழிந்தோரின் முகம் தெரிவதில்லை. கொடுமை வேடிக்கையாகிவிடுகிறது.

ஆகவே, பிள்ளையிடமிருந்து கைப்பேசியைப் பறிக்கும் முன், அருகில் அமர்த்தி இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். வெறும் தடை, கதவுக்கு வெளியே மீறப்படும். காரணம் அறிந்த உள்ளம் தானே விலகும், இன்ஷா அல்லாஹ்.