இருதலைப் பாம்பும் ஒருதலைச் சட்டமும்

மண்ணுளிப் பாம்பை அழிந்துவரும் உயிர்களின் வரிசையில் சேர்த்துக் கடுங்காவல் போட வேண்டுமா, வேண்டாமா? இது விலங்கியல் அறிஞர்கள் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். "கூலி உயர்வையும் ரேஷன் அரிசியையும் பேச வேண்டிய ஏட்டில் பாம்புக்கு என்ன இடம்?" என்று நம் தோழர்களே கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. ஆனால், பாம்பைப் பிடிக்கக் கூலிக்காரனை அனுப்புகிறவன் யார், பிடிபட்டால் சிறைக்குப் போகிறவன் யார், இடையிலே பணம் பண்ணுகிறவன் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். பாம்பின் கதைக்குள்ளே பாட்டாளியின் கதையும் சுருண்டு கிடப்பது தெரியும்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலைமீது வாழ்வோர் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்தாரல்லர், மலையை ஆள்வோர் என்ற பொருளில் அந்தப் பெயர் பெற்ற தமிழ் பேசும் மக்கள். சாமை விதைத்தும், புளியும் தேனும் சேகரித்தும், சமவெளிக்குக் கூலி வேலைக்கு இறங்கியும் பிழைக்கிறார்கள். வனச் சட்டம் எதுவானாலும் அதன் நிழல் முதலில் விழுவது இவர்கள் குடிசைமீதுதான். ஆகவே, அந்த மலையில் நின்றுகொண்டே இந்தக் கேள்வியை ஆராய்வோம்.

இரண்டு தலை எங்கே?

மண்ணுளிக்கு இருதலை மணியன் என்றும் பெயர். வறண்ட செம்மண் நிலத்திலும் மணற்பாங்கான கொல்லைகளிலும் மண்ணைத் துளைத்து வாழ்வது. ஏறத்தாழ மூன்றடி வளரும். நஞ்சு கிடையாது. முட்டையிடாமல் குட்டி போடும். எலியைப் பிடித்து நெரித்துத் தின்னும். அந்த வகையில் உழவனுக்குக் கூலி கேட்காத காவற்காரன்.

இதற்கு இரண்டு தலை என்பது கட்டுக்கதை. வால் மழுங்கித் தலைபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். எதிரி வந்தால் தலையைச் சுருளுக்குள் மறைத்து வாலைத் தூக்கிக் காட்டும். வாலைத் தலையென்று நினைத்து எதிரி தாக்கினால், பாம்பு உயிர் தப்பும். பகையை ஏமாற்ற இயற்கை கொடுத்த அந்த வாலே, மனிதன் மூடனாகும்போது அதற்கு எமனாகிவிட்டது!

ஆறு மாதம் ஒரு தலை நடத்துமாம், ஆறு மாதம் மறுதலை நடத்துமாம். நக்கினால் குஷ்டம் வருமாம். வீட்டில் வைத்துப் பூசை செய்தால் செல்வம் கொட்டுமாம். தீராத நோயையும் தீர்க்குமாம். ஒரே பாம்பு குஷ்டத்தையும் கொடுக்குமாம், நோயையும் தீர்க்குமாம்! இந்த முரண்பாட்டைக்கூடச் சிந்திக்கவிடாமல் செய்வதுதான் மூடநம்பிக்கையின் வலிமை.

இந்த மூடநம்பிக்கைமீதுதான் தரகர்கள் கடை விரித்திருக்கிறார்கள். இலட்சம் என்கிறார்கள், கோடி என்கிறார்கள். எடை கூடக் கூட விலை கூடும் என்பது அவர்கள் கணக்கு. அதற்காகப் பாம்பின் உடலுக்குள் பாதரசமும் இரும்புக் குண்டும் ஏற்றிய கொடுமைகளும் செய்திகளாக வந்ததுண்டு. ஒருவனிடம் முன்பணம் வாங்கி இன்னொருவனிடம் பாம்பைக் காட்டி மூன்றாமவனை ஏமாற்றுவதே இந்த வியாபாரத்தின் பெரும்பகுதி. ஏமாந்தவன் பணத்தை இழக்கிறான். பிடித்தவன் சிறைக்குப் போகிறான். பாம்பு சாக்குப்பையில் செத்துப்போகிறது. தரகன் மட்டும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான்.

படி உயர்த்தினால் போதுமா?

இனி, கேள்விக்கு வருவோம். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் உலக உயிர்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் மண்ணுளி "அச்சுறுத்தலை நெருங்கும்" படியில் நிற்கிறது. "அழியும் நிலை" என்பது அதற்கும் இரண்டு படி மேலே. அந்தப் படிக்கு ஏறுவதற்குரிய அளவுகோல்களில் ஒன்று, பத்தாண்டுக் காலத்தில் அல்லது மூன்று தலைமுறைக் காலத்தில், எது நீண்டதோ அதில், எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்க வேண்டும் என்பது. யானையை எண்ணலாம், புலியை எண்ணலாம். மண்ணுக்குள்ளே புதைந்து வாழ்வதை எண்ணுவது எளிதா?

இருப்பது தெரியாவிட்டாலும் பறிபோவது ஓரளவு தெரிகிறது. 2016 முதல் 2021 வரை இந்தியாவில் மண்ணுளிக் கடத்தல் பற்றி வெளியான செய்திகளைத் தொகுத்த வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் இந்தியப் பிரிவு, 172 சம்பவங்களைக் கணக்கிட்டது. இவை பிடிபட்டவை. பிடிபடாதவை எத்தனையோ! கைப்பேசியிலும் காணொளித் தளங்களிலும் "பாம்பு விற்பனைக்கு" என்று பகிரங்கமாகவே கூவி விற்றதையும் அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது.

நமது முடிவு என்ன? காவல் வேண்டும் என்பதே. கணக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால், கணக்கு முடியும் நாளில் பாம்பு இராது. ஆனால், பட்டியலில் ஒரு படி உயர்த்திவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதை நாம் ஏற்க மாட்டோம். அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. "சர்க்காரே இவ்வளவு காவல் போடுகிறது என்றால் அதற்குள் ஏதோ மகிமை இருக்கத்தானே வேண்டும்?" என்று தரகன் அதையும் தன் விளம்பரமாக்கிக்கொள்வான். மூடநம்பிக்கையை விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் இறுக்கினால், விலைதான் ஏறும்.

சட்டம் யார் கழுத்தில்?

சட்டம் இல்லாமலில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பாம்பைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள்; 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பொதுவான குற்றங்களுக்கு 25,000 ரூபாய் வரை இருந்த அபராதம் 1 இலட்சம் வரை உயர்த்தப்பட்டது. தரகனுக்கு 1 இலட்சம் ஒரு நாள் பேரம். மலைமீது சாமை விதைப்பவனுக்கோ அது ஓராண்டு உழைப்பு. தண்டனை ஒன்றுதான், அது விழும் முதுகுகள் ஒன்றல்லவே!

பழைய கணக்குகளைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்தவர்கள் செய்தது என்ன? வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களின் மானத்தைச் சூறையாடினார்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்த 269 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சியோர் அனைவரும் குற்றவாளிகளே என்றது நீதிமன்றம். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தன மரத்தைக் காப்பதாகச் சொல்லி மனிதரை அழித்த கதை இது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள் என்றார்கள். மரம் கப்பலேறி யாருக்குப் போகிறதோ அவன் மேனியில் ஒரு கீறலும் விழவில்லை. சந்தனத்தில் நடந்தது, செம்மரத்தில் நடந்தது, நாளை மண்ணுளியின் பெயரால் நடக்கக் கூடாது என்பதே நம் கவலை. குடிசையைச் சோதனை போடுகிற கை, தரகனின் மாளிகைக் கதவைத் தட்டாவிட்டால் அது இருதலைப் பாம்புக்குக் கிடைத்த ஒருதலைச் சட்டமே.

பாம்பா, குழந்தையா?

"மலையில் பாம்பு கடித்துக் குழந்தை சாகிறது, இதில் பாம்புக்குப் பாதுகாப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே, அல்லேரி மலையில் நடந்ததை நாடு அறியும். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. வாகனம் போகும் சாலை இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்குமுன் உயிர் போய்விட்டது. திரும்பும் வழியிலும் சாலை இல்லாத காரணத்தால், பெற்றவள் பிள்ளையின் உடலைச் சுமந்து நடந்தே மலையேறினாள்.

குழந்தையைக் கொன்றது பாம்பின் நஞ்சு மட்டுமா? நஞ்சுமுறிவு மருந்து நாட்டில் இருந்தது. அது இருந்த இடத்துக்குப் போக வழி இல்லை. காட்டு நிலத்தில் சாலை போட அனுமதி வேண்டும் என்பது இத்தகைய மலையூர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லப்படும் பதில். ஆனால், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? கிராம சபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி, மருந்தகம் உள்ளிட்ட 13 வகைப் பொதுப் பணிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள் காட்டு நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்கிறது. ஆக, காட்டுக்கும் சாலைக்கும் சண்டை மூட்டியது சட்டமல்ல. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள்தான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 இலட்சம் பேர் மாண்டிருக்கலாம் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இவர்களைக் கொன்றதில் மண்ணுளிக்குப் பங்கே இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கே பெரும்பங்குக்குப் பொறுப்பு. அந்த நான்கின் நஞ்சிலிருந்துதான் முறிவு மருந்தும் பிறக்கிறது. பாம்பு அழிந்தால் மருந்துக்கு மூலப்பொருளும் அழியும். ஆகவே, பாம்பா, குழந்தையா என்ற கேள்வியே தவறானது. இரண்டையும் காக்கும் வழி ஒன்றே.

வழி காட்டிய இருளர்

அந்த வழியைக் காட்டியவர்கள் வெளிநாட்டார் அல்லர். செங்கற்பட்டுச் சீமையின் இருளர்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரிக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துக் காலணா கூலி பெற்றவர்கள். 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்பு பிழைத்தது, இருளர் வயிறு காய்ந்தது. 1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டின் முறிவு மருந்துத் தொழில் பெரிதும் அந்த நஞ்சை நம்பியே நின்றது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதிலிருந்து பாடம் என்ன? தடை மட்டும் போட்டால் ஏழை திருடனாக்கப்படுவான். தடையோடு தொழிலும் கொடுத்தால் அவனே காவலனாவான். மண்ணுளிக்கு நஞ்சில்லை, அதைக்கொண்டு அதே தொழில் நடத்த முடியாது. ஆனால், காட்டை அறிந்தவனுக்குக் காட்டிலேயே கௌரவமான ஊதியம் என்ற அந்தத் தத்துவம் ஜவ்வாது மலைக்கும் பொருந்தும். மண்ணுளி எங்கெங்கே வாழ்கிறது என்று கணக்கெடுக்க, நாள் ஊதியம் கொடுத்து மலைமக்களையும் அடிவாரத்து உழவர்களையும் அமர்த்தட்டும். பட்டியல் தயாரிக்கும் அறிஞர்களுக்கு அவர்களைவிடச் சிறந்த துணை ஏது?

நாம் கேட்பது

மண்ணுளிக்கு முழுக் காவல் வேண்டும். முறையான கணக்கெடுப்பு வேண்டும். அந்தக் கணக்கு அழியும் நிலை என்று காட்டினால், தயங்காமல் அந்தப் படிக்கு உயர்த்த வேண்டும். வழக்கு, பிடித்த கூலியோடு நின்றுவிடாமல் பணம் போட்ட தரகன் வரை போக வேண்டும். பாம்பைக் கூவி விற்கும் விளம்பரங்களை முடக்க வேண்டும். மலைமீதுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முறிவு மருந்தும், அதைச் செலுத்தத் தெரிந்த மருத்துவரும், அங்கே போய்ச் சேரச் சாலையும் வேண்டும். பாம்புக்கடிச் சாவை 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று மத்திய சர்க்கார் 2024இல் திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு சர்க்கார் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால், காகிதம் மலையேறாது. அதைச் சுமந்து ஏறும் ஆட்சி வேண்டும்.

தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. தேநீர்க் கடையில் எவனாவது "இருதலைப் பாம்பு, இரண்டு கோடி" என்று காதில் ஓதினால், அங்கேயே எழுந்து நின்று உண்மையைச் சொல்லுங்கள். "கோடி கொடுத்து வாங்கியவனைக் காட்டு" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குத் தரகனிடம் பதில் இல்லை. கிளைக் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். கடன்பட்ட கூலித் தோழன் ஒருவன் அந்த ஆசைவலையில் விழாமல் தடுத்தாலே, ஒரு குடும்பத்தைக் காத்தவர்கள் ஆவீர்கள்; கூடவே ஒரு பாம்பையும் காத்தவர்கள் ஆவீர்கள்.