ஏட்டுக் கள்ளனும் திரைக் கள்ளனும்

கதை ஒன்றேயாயினும் அஃது ஏட்டில் வளரும் முறை வேறு. திரையில் வளரும் முறை வேறு. இதனை உணராதார் சிலர், "நூலில் உள்ளது படத்தில் இல்லையே!" எனக் குறை கூறுவர். வேறு சிலர், "படத்தைப் பார்த்தாயிற்று, இனி நூல் எதற்கு?" என்பர். இருவர் கூற்றும் பொருந்தா என்பதற்கு 'மலைக்கள்ளன்' நல்ல சான்றாகும்.

மலைக்கள்ளன், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இயற்றிய நாவல். கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவார் 1954ஆம் ஆண்டில் அதனைப் படமாக்கினர். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கினார், மு. கருணாநிதி உரையாடல் தீட்டினார், எம்.ஜி. இராமச்சந்திரன் கள்ளனாக நடித்தார். கவிஞர் பிறந்த மோகனூரும் படம் பிறந்த கோவையும் கொங்குநாட்டனவே.

தீய செல்வரிடம் கவர்ந்து எளியோர்க்கு ஈபவன் மலைக்கள்ளன். அப்துல் ரகீம் என்னும் வணிகராக உலவுபவனும் அவனே. இம்மறைவே கதையின் உயிர்நாடி. ஏட்டிலுள்ள கள்ளனுக்கு முகம் இல்லை. அவன் சொல்லையும் செயலையும் கொண்டு, படிப்போரே அவனுக்கு உருவம் அமைத்துக்கொள்கின்றனர். 'இவன் யார்?' என்னும் ஐயமே அவர்களை மேலும் படிக்கத் தூண்டுகிறது. திரையிலோ, எவ்வேடம் பூண்டு வரினும், பழகிய நடிகரின் முகத்தை மக்கள் நொடியில் கண்டுகொள்வர். அவர்கள் உள்ளத்தில் எழும் வினா, 'இவனைப் பிறர் எப்போது அறிவர்?' என்பதே. ஐயம் இருந்த இடத்தில் நகை வந்து அமர்கிறது.

இது திரையின் குற்றமன்று, அதன் இயல்பு. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நூலாசிரியர் பல வரிகளில் விளக்கும் உணர்ச்சியை நடிகரின் ஒரு பார்வை காட்டிவிடும். எழுத்தறியாதாரும் அதனை உணர்வர். அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றதும், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் ஆகிய மொழிகளில் அக்கதை மீண்டும் படமானதும் அதன் ஆற்றலைக் காட்டும்.

எனினும், ஏட்டுக்கே உரிய சிறப்பு ஒன்று உண்டு. 1930இல் வேதாரணிய உப்புப் போருக்கு வழிநடைப் பாட்டு இயற்றியவர் கவிஞர்; காந்தியடிகளின் நெறி நின்றவர். அத்தகையவர் கள்ளனைக் கதைத்தலைவன் ஆக்கியது ஏன்? நல்ல நோக்கத்திற்காகச் செய்யினும் களவு அறமாகுமோ? நூலைக் கற்போர், அதனை மூடி வைத்துவிட்டு இவ்வினாக்களை எண்ணிப் பார்க்கலாம். திரை அவ்வாறு காத்திராது. குதிரைமேல் அமர்ந்து தலைவன் பாடி வருங்கால் உள்ளமும் அவன் பின்னே ஓடிவிடும். ஆராயுமுன்னரே அன்பு பிறந்துவிடும்.

ஆதலின், மாணாக்கர் நூலை முன்னரும் படத்தைப் பின்னரும் காண்பதே நன்று. தாமே எண்ணி அமைத்த உருவத்தோடு திரையின் உருவத்தைப் பின்னர் ஒப்பிட்டு மகிழலாம். திரையில் முன்னரே கண்ட முகமோ, நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் வந்து நிற்கும். தம் உள்ளத்தால் வேறொன்று படைக்க இடந்தராது.